கிணற்றிலிருந்து நேரே அடுப்புக்குக் காஸ் வருமா?

2024 பெப்ரவரி 11, ஞாயிறு. முறிகண்டித் தம்பி ஒருவரின் கேள்வி

அண்ணைமார், மன்னார்க் கடலில காஸ் இருக்குது எண்டு 2011இலேயே கண்டுபிடிச்சாச்சு. ஒரு குழாயைப் போட்டு இழுத்தால் வன்னி முழுக்க அடுப்பு எரியும். 2022இல வெறுஞ் சிலிண்டரைச் சைக்கிளில கட்டிக்கொண்டு வரிசையில கிடந்த மாதிரிக் கிடக்கத் தேவையில்லை. சுத்திகரிப்பு, உலர்த்தல் எண்டு பெரிய கணக்குச் சொல்லுறதெல்லாம் கொம்பனிக்காரர் காசு அடிக்கிற வழி எண்டுதான் நான் நினைக்கிறன். எங்கட வீட்டில சாணிக் குழியிலிருந்து காஸ் நேரே குசினிக்கு வருது, இடையில எந்த ஆலையும் இல்லை. இன்னொண்டு. இப்ப கொஞ்ச நாளா விடியப்புறம் தேத்தண்ணி வைக்கப் போனால் அடுப்பு புக்குப் புக்கெண்டு அடிச்சு நூந்து போகுது. அது ஏன் எண்டும் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

2024 பெப்ரவரி 11, இரவு

தம்பி, உன் இரண்டாவது கேள்விக்குள்ளேயே முதலாவதற்கு மறுமொழி கிடக்கிறது. ஹோசுக்குள் தண்ணீர் நிற்கிறது. விடிந்ததும் போய்ப் பார், குழிக்கும் குசினிக்கும் நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில் ஹோஸ் தொய்ந்து தொட்டில் மாதிரித் தொங்கும், தண்ணீர் அங்கேதான். காஸ் அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு குமிழி குமிழியாக வருவதால்தான் புக்குப் புக்கு. கழற்றி உதறிவிட்டுத் திரும்பப் பூட்டு. பூட்டும்போது சிகரெட் வேண்டாம். மிச்சம் நாளைக்கு.

2024 பெப்ரவரி 13

நாளைக்கு என்றேன், வயலில் அறுவடை மெஷின் வந்துவிட்டது. சரி.

நான் பதினொரு வருடம் கட்டாரில், ராஸ் லஃபான் பக்கம் ஒரு எரிவாயு ஆலையில் நின்றவன். எஞ்சினியர் இல்லை, ஃபீல்ட் ஒப்பரேற்றர். வால்வு திறப்பது, மீற்றர் வாசிப்பது, மாதிரி எடுப்பது, அலாரம் அடித்தால் ஓடுவது. ஆகவே சமன்பாடு கேட்காதீர்கள், கையால் தொட்டதைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், காஸ் கிணற்றில் காஸ் மட்டும் வராது. மெதேனோடு சேர்ந்து தண்ணீர் வரும், உப்பு வரும், மணல் வரும், கொண்டென்சேற் என்று பெற்றோல் மாதிரி ஒரு எண்ணெய் வரும், காபனீரொட்சைட்டு வரும், சில இடங்களில் ஐதரசன் சல்பைட்டு என்கிற கூழ்முட்டை நாற்றத்துச் சனியனும் வரும், பாதரசம்கூட வரும். திரவமாக வருவதை ஒரு பெரிய பாத்திரத்தில் வேகத்தைக் குறைத்துத் தங்கவிட்டால் கனமானது கீழே போய்விடும், அது சுலபம். சிக்கல், கண்ணுக்குத் தெரியாத தண்ணீர். காஸுக்குள் ஆவியாகக் கரைந்து நிற்கும். கண்ணாடிக் குழாயில் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. குளிர்ந்ததும்தான் தன் முகத்தைக் காட்டும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதே கதை குழாயின் உள்பக்கம் நடக்கிறது.

அதை எடுக்கத்தான் கிளைக்கோல். ட்ரை எத்திலீன் கிளைக்கோல், எங்கள் வாயில் ‘டெக்’. பாணி மாதிரித் தடித்த திரவம், தண்ணீர் என்றால் அதற்கு உயிர். உயரமான ஒரு கோபுரம், காஸ் அடியிலிருந்து மேலே ஏறும், டெக் உச்சியிலிருந்து தட்டுத் தட்டாகக் கீழே வழியும். இரண்டும் எதிரும் புதிருமாகப் போகையில் தண்ணீரை டெக் பிடித்துக்கொள்ளும். மேலால் காய்ந்த காஸ், கீழால் தண்ணீர் குடித்த டெக். அந்த டெக்கை ஒரு கொதிகலனுக்கு அனுப்பி 240 பாகை வரை சூடாக்கித் தண்ணீரைப் பறக்கவிட்டு, மறுபடி கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றுவது. ஒரே டெக் மாதக் கணக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கிலோ தண்ணீரைப் பிடிக்க ஏறக்குறைய 25 லீற்றர் டெக் சுற்ற வேண்டும் என்று எங்கள் சூப்பர்வைசர் ஒரு கணக்குச் சொல்லுவார், அது நல்லாக மனதில் நிற்கிறது.

2024 பெப்ரவரி 14

பிழை விட்டுவிட்டேன். 240 இல்லை, 204. இலக்கம் இடம் மாறிப் போச்சு. இதைச் சும்மா எழுத்துப் பிழை என்று விட முடியாது. ஏனென்றால் 206 பாகை அளவிலேயே டெக் உடையத் தொடங்கும், 240க்கு ஏற்றினால் மொத்தமும் கருகிப் பழந்தார் மாதிரி வரும். நான் மாதிரிப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதே அதற்காகத்தான். இளம் மஞ்சள் என்றால் சுகம். தேத்தண்ணி நிறம் என்றால் யோசிக்க வேண்டும். கறுப்பு என்றால் யாரோ எங்கேயோ ஏச்சு வாங்கப் போகிறார்கள்.

2024 பெப்ரவரி 17

தம்பி ஹோசை உதறிவிட்டு அடுப்பு நல்லாக எரிகிறது என்று எழுதியிருக்கிறார், சந்தோசம். கூடவே ஒரு கேள்வி: “நாத்தத்தை எடுக்கிறது முதலா, தண்ணியை எடுக்கிறது முதலா?”

நாற்றம் முதல். ஐதரசன் சல்பைட்டையும் காபனீரொட்சைட்டையும் அமைன் என்கிற மருந்துக் கரைசலால் கழுவுகிறார்கள். அந்தக் கரைசலில் பாதிக்குமேல் தண்ணீர்தான். கழுவி வெளியே வருகிற காஸ் மறுபடி சொட்டச் சொட்ட நனைந்துதான் வரும். அதற்கு முன்னால் உலர்த்தினால் அந்த வேலை வீண். குளித்துவிட்டுத்தான் துவட்டுவது, துவட்டிவிட்டுக் குளிப்பதில்லை. புதுப் பெடியள் எல்லாருக்கும் நான் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு கேரளத்துப் பெடியன் அதை மலையாளத்தில் சுவரிலேயே எழுதி வைத்தான்.

கழுவி எடுத்த ஐதரசன் சல்பைட்டை என்ன செய்வது என்றால், கிளவுஸ் முறை என்று 1880களிலிருந்து இருக்கிற ஒரு வழியால் கந்தகமாக மாற்றுகிறார்கள். மஞ்சள் மஞ்சளாகக் குவியும். நம் ஊரில் கந்தகம் என்றால் பட்டாசும் சிரங்கு மருந்தும். அங்கே குன்றுக் கணக்கு.

2024 பெப்ரவரி 18

இன்று ஏ9 வீதி ஓரம் முழுக்க நெல். படங்கு விரித்து, காலால் கோடு இழுத்து, வெயில் சாய முதல் குவித்து, மறுநாள் மறுபடி விரித்து. எங்கள் வீட்டிலும் அதே. வியாபாரி வந்து ஈரமானியைக் குத்தி, 14 வீதத்துக்கு மேல் காட்டினால் விலையில் வெட்டுகிறான், சில பேர் கண்ணால் பார்த்தே வெட்டுகிறான். அரசாங்கக் கொள்வனவிலும் 14 தான்.

தம்பி, குழாய்க்காரனும் அந்த வியாபாரி மாதிரித்தான். காஸை விற்கிறவன் குழாயின் வாசலில் கொண்டுவந்து கொடுக்கும்போது வாங்குகிறவன் ஈரம் பார்ப்பான். அமெரிக்காவில் வழக்கமான வரம்பு பத்து இலட்சம் கன அடிக்கு 7 இறாத்தல் தண்ணீர். நம் கணக்கில் ஒரு கன மீற்றருக்கு 112 மில்லிகிராம் வரும், ஒரு தேக்கரண்டியின் நாற்பதில் ஒரு பங்கு அளவு. உன் வீட்டுச் சாணி காஸ் 30 பாகையில் ஒரு கன மீற்றருக்கு 30 கிராம் தண்ணீரைச் சுமந்து வருகிறது. 250 மடங்குக்கு மேல். உன்னுடைய காஸை எந்தக் குழாய்க்காரனும் படங்கில் கூட இறக்க விடமாட்டான்.

2024 பெப்ரவரி 21

“ஈரம் இருந்தால் என்ன, எரியும்போது ஆவியாகப் போயிடும்தானே” என்று வேறொருவர். எரிகிற இடத்தில் பெரிய பிரச்சினை இல்லை. நெல்லை ஈரத்தோடு மூட்டை கட்டி ஒரு மாதம் வைத்துப் பார்த்தீர்களா? மூட்டைக்குள் கிடக்கும் காலம்தான் பிரச்சினை. காஸுக்குக் குழாய்தான் மூட்டை.

2024 பெப்ரவரி 24

இன்றைக்கு வேலை இல்லை, நீட்டி எழுதப் போகிறேன்.

கட்டாரில் எனக்கு முதல் வருடம். ஓகஸ்ட் மாதம், வெளியே 45 பாகை, தலைக்கவசத்துக்குள் மூளை அவிகிறது. ஒரு வால்வைப் பார்த்து வா என்று அனுப்பினார்கள். போனால் வால்வு முழுக்க வெள்ளை வெளேரென்று பனி. கையுறையைக் கழற்றித் தொட்டேன், விரல் ஒட்டிக்கொண்டது. வெயிலில் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகுதான் விளக்கினார்கள், உயர் அழுத்தத்தில் இருக்கும் காஸ் ஒரு சின்ன வாசலால் புகுந்து அழுத்தம் குறையும்போது தானாகக் குளிரும், அழுத்தத்தை அளக்கிற ‘பார்’ கணக்கில் ஒவ்வொரு பத்து பார் குறைவுக்கும் கிட்டத்தட்ட ஐந்து பாகை. வெளியே ஒட்டியிருந்தது காற்றின் ஈரம், அதால் கெடுதி இல்லை. அதே குளிர் உள்ளே ஈரக் காஸில் நடந்தால்தான் கெடுதி.

ஏனென்றால் உள்ளே உண்டாவது வெறும் ஐஸ் இல்லை. ஹைட்ரேற். தண்ணீர் மூலக்கூறுகள் கூடு கட்டி, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு மெதேனைப் பிடித்து அடைத்து வைக்கும். பார்த்தால் அழுக்குப் பனிக்கட்டி மாதிரி இருக்கும், நெருப்புக்குச்சி வைத்தால் எரியும். இதில் வில்லங்கம் என்னவென்றால் இது உறைவதற்குப் பூச்சியம் பாகை தேவையில்லை. போதிய அழுத்தம் இருந்தால் 10 பாகையிலும் உறையும், 15 பாகையிலும் உறையும். ஆரம்ப காலத்தில் அமெரிக்காவில் குழாய்கள் குளிரில் அடைத்துக்கொண்டபோது எல்லாரும் ஐஸ் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1934இல் ஹாமர்ஷ்மிட் என்கிற இரசாயனவியலாளர்தான் அடைப்பது ஐஸ் இல்லை, ஹைட்ரேற் என்று காட்டினார். உலர்த்தும் கோபுரங்கள் பெருகியதற்கு அது ஒரு பெரிய காரணம்.

அடைத்தால் என்ன, திறந்து விடலாமே என்று கேட்கக் கூடாது. ஒரு பக்கத்து அழுத்தத்தை மட்டும் இறக்கினால், மறுபக்கத்து அழுத்தம் அந்தக் கட்டியைத் துவக்குச் சன்னம் மாதிரித் தள்ளிக்கொண்டு வரும். குழாய் முழங்கையை உடைத்துக்கொண்டு வெளியே பாயும். இரண்டு பக்கமும் சமமாக, மெல்ல மெல்ல இறக்க வேண்டும், நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். நாங்கள் பயிற்சியில் ஒரு படம் பார்த்தோம், அன்றிரவு சோறு இறங்கவில்லை.

இப்போது மன்னாருக்கு வருகிறேன். 2011இல் கெயின் லங்கா என்கிற கொம்பனி தோண்டிய டொராடோ கிணறு, கடல் மட்டத்திலிருந்து கடலடிக்கே 1,354 மீற்றர். அதற்குக் கீழேதான் கிணறே தொடங்குகிறது. அடுத்தது பராக்குடா, அங்கே தண்ணீர் ஆழம் 1,500 மீற்றருக்கும் மேல். எங்கள் இரணைமடுக் குளத்தை நினைத்துக்கொண்டு இதைக் கற்பனை செய்ய முடியாது. அந்த ஆழத்தில் தண்ணீர் 10 பாகைக்கும் குறைந்த குளிர், தண்ணீரின் பாரமே 135 பார் அழுத்தம். ஈரக் காஸுக்கு அதைவிடப் பொல்லாத இடம் இல்லை. 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்து ஒழுகியபோது, ஏறக்குறைய இதே 1,500 மீற்றர் ஆழத்தில், ஒழுக்கைப் பிடிக்க ஒரு பெரிய இரும்புக் கூண்டை இறக்கினார்கள். ஹைட்ரேற் அதன் கூரையில் அப்பிக்கொண்டு வாசலை அடைத்துவிட்டது, தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டார்கள். பணத்துக்குக் குறைவில்லாத நாட்டின் கதை இது.

ஆகவே கடலடியிலிருந்து குழாயில் வரும்போதே உறையாமல் இருக்க இன்னொரு கிளைக்கோலை ஊசி போட்ட மாதிரிக் கிணற்று வாயிலேயே ஏற்ற வேண்டும். கரைக்கு வந்த பிறகு தண்ணீரையும் அந்தக் கிளைக்கோலையும் பிரிக்க வேண்டும், பிறகு உலர்த்த வேண்டும், அதற்குப் பிறகுதான் தரைக் குழாய். கொம்பனிக்காரர் காசு அடிக்கமாட்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இந்தச் செலவு பொய்ச் செலவு இல்லை.

2024 பெப்ரவரி 25

ஒருவர் உள்பெட்டியில் திருத்தினார், நியாயமான திருத்தம். 18ஆம் திகதி நான் சாணி காஸையும் குழாய்க் காஸையும் ஒப்பிட்டது சரியில்லை. அழுத்தம் கூடினால் காஸ் குறைவாகத்தான் தண்ணீர் பிடிக்கும், நனைந்த சாரத்தை முறுக்குவது மாதிரி. 70 பார் அளவில், 38 பாகைச் சூட்டில் வருகிற காஸில் கன மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கிராம்தான் இருக்கும். ஆகவே கோபுரம் எடுப்பது அந்த ஒரு கிராமில் 0.9.

இது சின்னக் கணக்கு மாதிரித் தெரிகிறதா? நாளுக்கு ஒரு கோடி கன மீற்றர் போகிற குழாய் என்றால் 9,000 கிலோ தண்ணீர். வறட்சிக் காலத்தில் எங்கள் ஊருக்கு வருகிற தண்ணீர்ப் பவுசர் ஒன்று, ஒவ்வொரு நாளும், குழாய்க்குள்.

2024 மார்ச் 3

நான் கட்டாருக்குப் போய்த்தான் காஸ் காயவைப்பதைப் பற்றி முதன்முதல் கேள்விப்பட்டேன் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்றுப் பெரியப்பாவிடம் இதைப் பற்றிக் கதைத்தபோது அவர் சிரிக்கிறார். “டேய், நாங்கள் பரந்தனில் காய வைத்தோமடா.”

பரந்தன் கெமிக்கலைப் பற்றி இளம் ஆட்களுக்குத் தெரியுமோ தெரியாது. ஐம்பதுகளில் வந்த அரசாங்கத் தொழிற்சாலை. ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சிக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள், எண்பதுகளில் சண்டை வந்து நின்றுபோனது. பெரியப்பா அங்கே குளோரின் பக்கத்தில் வேலை. மின்சாரம் பாய்ச்சுகிற தொட்டியிலிருந்து வரும் குளோரின் ஈரமாக வரும். அதை அப்படியே இரும்புக்குள் விட்டால் இரும்பைத் தின்றுவிடும். அதனால் செறிந்த சல்பூரிக் அமிலம் வழிகிற கோபுரத்துக்குள் விட்டு, தண்ணீரை அமிலம் குடித்த பிறகுதான் அமுக்கிச் சிலிண்டரில் அடைப்பது. காய்ந்த குளோரினை இரும்புச் சிலிண்டரில் பயமில்லாமல் வைக்கலாம்.

அதே கோபுரம், அதே எதிரும் புதிருமான ஓட்டம். டெக்குக்குப் பதிலாக அமிலம். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில், நான் பிறக்க முதலே. அவர் இதை ஒரு நாளும் சொன்னதில்லை, நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியது, ஜாம் போத்தல் விளக்குச் செய்தது எல்லாம் நூறு தரம் சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லவில்லை.

2024 மார்ச் 9

கதை போதும், ஹோசுக்கு என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் ஆறு மாடு, சீனப் பாணி நிலக் குழி, நாளுக்கு இரண்டு கன மீற்றர் அளவு காஸ். நான் செய்தது இதுதான். முதலில் ஹோசைத் தொய்வில்லாமல் தடியில் கட்டி, குழியிலிருந்து ஒரே சரிவாக இறக்கினேன். ஆகப் பதிந்த இடத்தில் ‘ரீ’ என்கிற மூன்று வாய் இணைப்பு ஒன்றைப் பூட்டி, அதிலிருந்து கீழே ஒரு குழாயைத் தண்ணீர் நிறைந்த போத்தலுக்குள் விட்டேன். குழாயில் சேரும் தண்ணீர் தானாக வழிந்து போத்தலுக்குள் விழும், காஸ் தண்ணீரைத் தாண்டி வெளியே வராது. வரக்கூடாது. ஆனால் முதல் நாளே வந்தது. நான் வைத்த தண்ணீர் ஒரு சாண். நிலக் குழியில் காஸ் நிறைந்து நிற்கும்போது அழுத்தம் ஒரு மீற்றர்த் தண்ணீர் உயரம் வரை போகும் என்பதை மறந்துபோனேன். பின்னேரம் வளவு முழுக்கக் கூழ்முட்டை. மனிசி வாயைத் திறக்கவில்லை, யன்னலை மட்டும் திறந்தா. பிறகு நாலடி நீளக் குழாயை நிலத்தில் தாட்டு அதற்குள் இறக்கினேன், இப்போது சரி.

இந்தப் பதிந்த இடம் என்பது வீட்டு விளையாட்டு இல்லை. 2000ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19, அமெரிக்காவில் நியூ மெக்சிக்கோ மாநிலம் கார்ல்ஸ்பாட் அருகே 30 அங்குலக் குழாய் ஒன்று வெடித்தது. ஆற்றங்கரையில் முகாம் போட்டிருந்த 12 பேர், பிள்ளைகளும் அதற்குள், எல்லாரும் செத்துப்போனார்கள். விசாரணையில் கண்டது, குழாயின் பதிந்த ஒரு இடத்தில் தண்ணீரும் அழுக்கும் தேங்கி உள்ளுக்குள்ளேயே இரும்பைத் தின்றிருக்கிறது. காபனீரொட்சைட்டு தண்ணீரில் கரைந்தால் அமிலம், சோடாப் போத்தலில் இருப்பதும் அதுதான். வெளியே நின்று பார்த்தவனுக்குக் குழாய் புதுசு மாதிரித்தான் தெரிந்திருக்கும்.

2024 மார்ச் 10

போத்தலில் விழுகிற தண்ணீரை அளக்கத் தொடங்கியிருக்கிறேன். என் கணக்குப்படி ஒரு நாளைக்கு 22 மில்லிலீற்றர் வர வேண்டும். முதல் நாள் 210!

2024 மார்ச் 11

இரவு மழை பெய்ததாம். போத்தல் வாய் திறந்து கிடந்தது. ஒருவரும் சிரிக்க வேண்டாம்.

2024 மார்ச் 17

மூடி போட்டு ஒரு கிழமை அளந்தேன். 11, 13, 12, 10, 13, 12, 12. கணக்கில் பாதிதான். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நான் கணக்குப் போட்டது குழிக்குள் 30 பாகை, ஹோசில் 22 பாகை என்று. கன மீற்றருக்கு 11 கிராம் உதிரும். ஆனால் ஹோஸ் 22 பாகைக்கு வருவது விடியற்காலையில் மட்டும். மத்தியானமும் பின்னேரமும் சமைக்கும்போது வெயில் குடித்த ஹோஸ் குழியைவிடச் சூடு, தண்ணீர் ஆவியாகவே அடுப்பு வரைக்கும் போய்விடுகிறது. பாதிக் காஸ்தான் குளிர்ந்த ஹோசால் வருகிறது, பாதித் தண்ணீர்தான் விழுகிறது. தம்பியின் அடுப்பு விடியப்புறம் மட்டும் இருமியதும் இதனால்தான். மாசிப் பனி மூசிப் பெய்யும் என்று வெளியே மட்டுமா சொன்னார்கள்.

2024 மார்ச் 23

அடுத்தது நாற்றம். அடுப்பின் பித்தளைத் திருகு கறுத்து இறுகிப்போய் இருக்கும், பாருங்கள். ஐதரசன் சல்பைட்டின் வேலை. சாணி காஸில் ஆயிரம் பிபிஎம், அதாவது பத்து இலட்சத்தில் ஆயிரம் பங்கு, தாண்டி இருப்பதும் வழமைதான். அடுப்புக்கு அது பரவாயில்லை, சித்தப்பா மகன் மாதிரி ஜெனரேற்றருக்கு விடுகிறவர்கள் கவனம். எரிந்தால் கந்தக அமிலமாகி எஞ்சின் ஒயிலைக் கெடுக்கும்.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். நாற்றம் அடித்தால் பயம் குறைவு, நாற்றம் திடீரென்று நின்றால்தான் ஓட வேண்டும். 100 பிபிஎம் தாண்டினால் மூக்கின் புலன் செத்துவிடும், ஐநூறு ஆயிரம் என்றால் ஆளே விழுந்துவிடுவார். காற்றைவிடப் பாரமானது, குழியின் அடியில் படுத்துக் கிடக்கும். குழியைத் துப்பரவாக்க ஒருவரும் உள்ளே இறங்கக் கூடாது. விழுந்தவரைத் தூக்கப் போனவரும் விழுந்த கதைகள் நிறைய.

வீட்டு வைத்தியம்: துரு. ஆலைகளிலும் பழைய முறை அதுதான், மரத்தூளில் துருவை ஏற்றிக் கோபுரத்தில் அடைத்துக் காஸை விடுவார்கள். நான் லேத் பட்டறையில் இரும்புச் சுருள் ஒரு உரப்பை வாங்கி, ஒரு கிழமை நனைத்து நனைத்துக் காயவிட்டுத் துருவேற்றி, நாலு அங்குல பீவீசிக் குழாயில் அடைத்துப் பூட்டினேன். நாற்றம் அன்றைக்கே நின்றது. ஈரம் வந்து அடைக்காமல் இருக்க அதற்கு முன்னால் கல்சியம் குளோரைட்டு நிரப்பிய ஒரு போத்தலும் வைத்திருக்கிறேன், கொஞ்சம் கெட்டித்தனமாக.

2024 மார்ச் 31

கெட்டித்தனம் எட்டு நாள்தான். நாற்றம் திரும்ப வந்துவிட்டது. துருக் குழாயைக் கழற்றினால் மேல் அங்குலம் மட்டும் கறுத்திருக்கிறது, கீழே எல்லாம் சிவப்பாகக் காய்ந்து கிடக்கிறது. துரு வேலை செய்ய ஈரம் வேண்டும். நான் முன்னாலேயே ஈரத்தை எடுத்துவிட்டேன். போதாததற்குத் துருவும் ஐதரசன் சல்பைட்டும் சேர்ந்தால் அந்த வேலையிலேயே தண்ணீர் பிறக்கும், ஆகவே உலர்த்துவது எப்படிப் பார்த்தாலும் பிறகுதான்.

பெப்ரவரி 17ஆம் திகதிக் குறிப்பைத் திரும்ப வாசித்தேன். துவட்டிவிட்டுக் குளித்திருக்கிறேன். அந்தக் கேரளத்துப் பெடியன் இதை வாசிக்க மாட்டான் என்பது ஒரு ஆறுதல்.

2024 ஏப்ரல் 6

இன்னொரு முட்டாள்தனம், இதையும் எழுதிவிடுகிறேன், பிறருக்கு உதவும். ஒழுங்கை மாற்றினேன், துரு முன்னுக்கு, உலர்த்தல் பின்னுக்கு, அது நல்லாக வேலை செய்கிறது. ஆனால் முதல் தரம் அடைத்து அரைகுறையாகக் கறுத்த சுருளை எடுத்து வைக்கோல் போருக்குப் பக்கத்தில் கொட்டினேன். அரை மணித்தியாலத்தில் மகள் கத்துகிறாள், புகை. இரும்புச் சல்பைட்டு காற்றுப் பட்டால் தானாகச் சூடேறி நெருப்புப் பிடிக்கும். ஆலையில் இதைப் பத்துத் தரம் சொல்லித் தந்திருக்கிறார்கள், பாத்திரத்தைத் திறக்கும்போது எப்போதும் நனைத்து வைத்திருக்க வேண்டும் என்று நானே புதுப் பெடியளுக்குச் சொல்லியிருக்கிறேன். இரண்டு வாளித் தண்ணீரோடு போய்விட்டது, வைக்கோல் கொஞ்சம்தான் சேதம். கறுத்த சுருளை வாளித் தண்ணீருக்குள் போடுங்கள், பிறகு வெறுந்தரையில் மெல்லியதாகப் பரப்பிக் காற்றாட விடுங்கள், மறுபடி துருவாகும். திரும்பப் பாவிக்கலாம்.

2024 ஏப்ரல் 8

“நாத்தம் போனால் ஒழுக்கு எப்பிடித் தெரியும்?” என்று தம்பி. இந்தக் கேள்விக்கு உனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கித் தர வேண்டும்.

தெரியாது. 1937 மார்ச் 18, டெக்சாசில் நியூ லண்டன் என்கிற ஊரில் பள்ளிக்கூடம் ஒன்றின் அடியில் மணமில்லாத காஸ் ஒழுகிச் சேர்ந்து வெடித்தது, பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக முந்நூறு பேர் அளவில் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போகிற காஸில் மேர்கப்டான் என்கிற நாற்ற மருந்தைக் கலப்பது சட்டமாகப் பரவியது. சிலிண்டர் காஸ் மணக்கிறதே, அந்த வகைதான். இவ்வளவு பாடுபட்டு நாற்றத்தை எடுத்துவிட்டு, கடைசியில் காசு கொடுத்து வேறு நாற்றத்தைச் சேர்க்கிறார்கள்.

நம் துருக் குழாய் எல்லாவற்றையும் எடுக்காது, கொஞ்சம் மணம் மிஞ்சும். மிஞ்சட்டும். முழுக்கப் போக்க நான் இனி முயற்சி செய்யமாட்டேன். 23ஆம் திகதி “நாற்றம் அன்றைக்கே நின்றது” என்று பெருமையாக எழுதியதை நினைத்தால் இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது. மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள், கிழமைக்கு ஒரு தரம்.

2024 ஏப்ரல் 20

வருடப் பிறப்புக்குப் பெரியப்பா வந்து போனார். குழி, துருக் குழாய், போத்தல் எல்லாம் சுற்றிப் பார்த்தார். கல்சியம் குளோரைட்டுப் போத்தலைத் தட்டிப் பார்த்து, இது கரைந்து கூழாகி அடைக்கப் போகுது, கீழே ஒரு வடிகால் வை என்றார். சொன்ன மாதிரியே அடியில் உப்புக் கூழ் தேங்கி நின்றது. அவர் போன பிறகு ஒரு திருகு பூட்டினேன்.

வெயில் ஏறிவிட்டதால் தண்ணீர்ப் போத்தலில் இந்தக் கிழமை நாளுக்கு மூன்று, நாலு மில்லிலீற்றர்தான். மார்கழியில் திரும்ப அளந்து போடுகிறேன். தம்பி, உன் ஹோசின் நீளத்தையும் அது வெயிலில் கிடக்கிறதா நிழலிலா என்பதையும் எழுது.